சம்மதம் யாருடையது?

(யூபிலி விழாவையொட்டி நடந்த இளைஞர், பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலிக்காகக் கோயிலுக்கு வெள்ளையடித்தாயிற்று. கொடிமரத்துக்கு வர்ணம் பூசியாயிற்று. தேர்ச் சக்கரத்தையும் பழுது பார்த்தாயிற்று. இனி மனிதர்களையும் கொஞ்சம் பழுது பார்க்கலாம் என்று நினைத்தார்களோ என்னவோ, இளைஞர் மன்றத்தார் என்னிடம் வந்து, "மனிதர் தம் வாழ்க்கைத் துணையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், இதற்கு மனோதத்துவம் என்ன சொல்லுகிறது என்று பேசுங்கள் சாமி" என்று கேட்டார்கள். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்ததைப் பார்த்தேன். மணமாகாத சாமியாருக்கு இதில் என்ன தெரியும் என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். குருமடத்தில் எங்களுக்கு மனோதத்துவம் ஒரு பாடமாக இருந்தது; அதில் நான் முதல் மாணவன் அல்ல. ஆனால் குருப்பட்டம் பெற்ற நாள் முதல் நான் மந்திரித்துக் கொடுத்த தாலிகள் பல நூறு. அவற்றில் எது நிலைத்தது, எது அறுந்தது, எது அறுபடாமலே கழுத்தில் பாரமாய்த் தொங்குகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவன். கல்யாண வீட்டுச் சமையற்காரர் பந்தியில் உட்காருவதில்லை. ஆனாலும் எந்த அண்டாவில் உப்புக் குறைவு என்று அவருக்குத் தெரியும்.

கல்யாணப் பேச்சு எழுந்தால் நம் வீடுகளில் இரண்டு கட்சி உண்டு. "என் மனசுக்குப் பிடித்தவரை நானே தேர்ந்தெடுப்பேன்" என்பது இளையவர் கட்சி. "உனக்கு என்ன தெரியும், உலகம் பார்த்த நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம்" என்பது பெரியவர் கட்சி. சுமார் நூறாண்டுகளாக இந்த விஷயத்தை ஆராய்ந்துவரும் அறிஞர்களைக் கேட்டால், இரு கட்சியாருக்கும் சங்கடமான ஒரு பதிலைச் சொல்லுகிறார்கள். நீங்கள் இருவருமே நினைக்கிற அளவுக்குத் தேர்ந்தெடுப்பதில்லை என்கிறார்கள்.

அமெரிக்காவில் பிலடெல்ஃபியா நகரத்தில் பொசார்ட் என்றொரு சமூகவியல் பேராசிரியர் இருந்தார். அந்த நகரத்தில் பதிவான 5,000 திருமண அனுமதிச் சீட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் விலாசத்துக்கும் பெண்ணின் விலாசத்துக்கும் எத்தனை தெரு தூரம் என்று எண்ணினார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஜோடிகள் ஐந்து தெருவுக்குள் வசித்தவர்கள்! 1932-இல் இதை வெளியிட்டார். அவ்வளவு பெரிய பட்டணத்தில், "உனக்காகவே பிறந்தவன்" ஐந்தாவது தெருவைத் தாண்டிப் பிறக்கவில்லை.

நம் பங்கின் பழைய திருமணப் பதிவேட்டை ஒருநாள் சாவகாசமாகப் புரட்டினேன். அங்கும் இதே கதைதான். ஒரே காப்பித் தோட்டத்து லைன் வீடுகள். அல்லது ஓடை தாண்டி அடுத்த தோட்டம். அந்தக் காலத்தில் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்குவதே பெரிய பிரயாணம். ஆகவே தோட்டத்து எல்லையே காதலுக்கும் எல்லை. பிறகு பள்ளிக்கூடப் பேருந்து வந்தது, எல்லை கொஞ்சம் நகர்ந்தது. இன்று கைப்பேசி வந்து, பார்க்காத ஊரும் பக்கத்து வீடாகிவிட்டது.

பக்கத்தில் இருப்பதனால் ஏன் பிடித்துப்போக வேண்டும்? சாயோன்ஸ் என்ற மனோதத்துவ அறிஞர் 1968-இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே போதும், அது நமக்குப் பிடிக்கத் தொடங்கிவிடும். வேறு காரணமே வேண்டியதில்லை என்றார். 1992-இல் வேறு இருவர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். தோற்றத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான நான்கு பெண்களை ஒரு கல்லூரி வகுப்புக்கு அனுப்பினார்கள். ஒருத்தி 15 முறை, ஒருத்தி 10 முறை, ஒருத்தி 5 முறை போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள்; நான்காமவள் போகவே இல்லை. யாரோடும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது நிபந்தனை. பருவ முடிவில் மாணவர்களிடம் நால்வரின் படத்தையும் காட்டினார்கள். அதிக நாள் வந்து உட்கார்ந்தவளே அவர்களுக்கு அழகாகத் தெரிந்தாள்.

காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பக்கத்து வரிசையில் கூடை கட்டிக்கொண்டு நிற்கிற பெண்ணின் முகம், தை மாதம் வரும்போது ஒரு தம்பிக்கு ஏன் தனி அழகாகத் தெரிகிறது என்பதை, தோட்டத்து மேஸ்திரிகள் இந்த அறிஞர்களுக்கு முன்பே அறிந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இனி, சேலத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற நம் விருந்தாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சனி, ஞாயிறுகளில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிக்கொண்டு ஜோடி ஜோடியாக வருகிறார்கள். பகோடா முனையில் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நெஞ்சு படபடக்கிறது. அதைக் காதல் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கனடா நாட்டில் வான்கூவர் அருகே கப்பிலானோ என்ற ஆற்றின்மேல் 230 அடி உயரத்தில் ஒரு தொங்குபாலம் உண்டு, நடந்தால் ஆடும். 1974-இல் டட்டன், ஏரன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், அந்தப் பாலத்தில் போன வாலிபர்களை ஓர் இளம்பெண்ணைக் கொண்டு நிறுத்தச் செய்து, சில கேள்விகள் கேட்டு, "மேலும் விவரம் வேண்டுமானால் கூப்பிடுங்கள்" என்று தொலைபேசி எண்ணைக் கொடுக்கச் சொன்னார்கள். அதே பெண்ணைத் தாழ்வான, ஆடாத இன்னொரு பாலத்திலும் நிறுத்தினார்கள். ஆடும் பாலத்தில் எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். ஆடாத பாலத்தில் 16 பேரில் 2 பேர்தான். பயத்தால் வந்த படபடப்பை மனம் ஆசையின் படபடப்பாக எண்ணிக்கொள்கிறது என்பது அவர்கள் முடிவு. அந்த முடிவைப் பற்றி அறிஞர்களிடையே இன்னும் வாதம் உண்டு. எனினும் என் ஆலோசனை இதுதான், தம்பிகளே: மலையிலே பிடித்த பெண்ணை ஒருமுறை மின்கட்டண வரிசையிலும் நின்று பாருங்கள். அவளும் உங்களைப் பார்க்கட்டும்.

இளைஞர்களைக் கேலி செய்தது போதும். பெற்றோரிடம் வருகிறேன்.

பெண் பார்க்க வருகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. நிறம், உயரம், படிப்பு, சம்பளம், சீர், சொந்த வீடு. பையனும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஈஸ்ட்விக், ஃபிங்கெல் என்ற இருவர் 2008-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாலிபரும் பெண்களும் ஆளுக்கு நான்கு நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு அடுத்தவரிடம் போகிற ஒரு சந்திப்பு முறை அங்கே உண்டு. (அதை 1990-களின் பிற்பகுதியில் ஆரம்பித்தவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து யூத குரு ஒருவர்! தம் சமூகத்துப் பிள்ளைகளுக்கு வரன் அமையவேண்டுமே என்ற கவலையில் செய்தார். குருக்களுக்கு எங்கும் இதே கவலைதான்.) சந்திப்புக்கு முன் ஒவ்வொருவரிடமும், "உங்களுக்கு எப்படிப்பட்டவர் வேண்டும்?" என்று எழுதி வாங்கினார்கள். சந்திப்புக்குப் பின் யாரைப் பிடித்தது என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்த பட்டியலுக்கும் பிடித்த ஆளுக்கும் சம்பந்தமே தெரியவில்லை. தமக்கு என்ன வேண்டும் என்று மனிதருக்கே தெரியாது என்பதுதான் இதிலிருந்து தெரிகிறது. நம்மூரில் பஜ்ஜி, சொஜ்ஜியோடு நடக்கிற பெண் பார்க்கும் சடங்கும் கால் மணி நேரந்தான். அதில் பெண் பேசுவது நான்கு நிமிடம்கூட இராது.

பட்டியலில் எழுதாமலே முதலில் நிற்கிற வரி ஒன்று உண்டு. அதை இந்தக் கோயில் வளாகத்தில் நின்று சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது. கொல்கத்தாவில் வங்காளிப் பத்திரிகையொன்றில் மணமகன், மணமகள் தேவை என்று விளம்பரம் கொடுத்த குடும்பங்களைப் பொருளாதார அறிஞர்கள் சிலர் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் அதில் இருந்தார்கள். இருவருமே பிற்பாடு 2019-இல் நோபல் பரிசு பெற்றவர்கள். சாதி மாறிக் கொடுப்பதைத் தவிர்க்கவேண்டுமென்றால், முதுகலைப் பட்டதாரிக்குப் பதில் படிக்காத மாப்பிள்ளையையே ஏற்கலாம் என்கிற அளவுக்குப் பெண் வீட்டாரின் விருப்பம் இருந்தது என்று கணக்கிட்டார்கள். அது வங்காளம், நாம் அப்படியில்லை என்று யாரும் சொல்லவேண்டாம். நம் தமிழ்ப் பத்திரிகைகளின் ஞாயிறு விளம்பரங்களைப் பாருங்கள். "ஆர்.சி." என்று போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே சாதியையும் போடுகிறார்கள். ஒரே பலிபீடத்தில் நன்மை வாங்குகிற நாம்தான்.

இதே சேலம் மாவட்டத்து ஓமலூரைச் சேர்ந்த, பொறியியல் படித்த ஓர் இளைஞர், 2015 ஜூன் மாதம் திருச்செங்கோட்டுக் கோயிலில் தம்மோடு படித்த வேறு சாதிப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். அவர் உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. 2022-இல் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மனோதத்துவ அறிஞர்கள், மனிதர் தம்மைப் போன்றவரையே நாடுவது இயல்பு என்று எழுதுகிறார்கள். படிப்பில், பழக்கத்தில், குணத்தில் ஒத்தவரை நாடுவது இயல்பாக இருக்கலாம். ஆனால் எல்லைக்கோட்டில் கத்தியோடு ஆள் நிறுத்தி வைத்துவிட்டு, பிள்ளைகள் இயல்பாகவே உள்ளே இருக்கிறார்கள் என்று சொன்னால், அதை நான் இயல்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிறந்த வீட்டைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். பௌல்பி என்ற ஆங்கில மருத்துவர், குழந்தைக்கும் தாய்க்குமுள்ள பிணைப்புத்தான் பிற்கால உறவுகளுக்கெல்லாம் அச்சு என்றார். 1987-இல் ஹேசன், ஷேவர் என்ற இருவர் அமெரிக்க டென்வர் நகரத்துப் பத்திரிகையில் கேள்வித்தாள் வெளியிட்டு, அறுநூறு பேருக்கு மேற்பட்டவர்களின் பதிலைப் பார்த்தார்கள். பாதிக்குச் சற்று அதிகமானோர், அன்பானவரை அண்டியிருக்கவும் நம்பவும் தங்களால் முடிகிறது என்றார்கள். கால் பங்கினர் நெருங்கி வந்தால் விலகுகிறவர்கள். மற்றவர்கள், விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று எந்நேரமும் அஞ்சுகிறவர்கள். குடிகாரத் தகப்பனைப் பார்த்து வளர்ந்த மகள், "என் புருஷன் குடிக்கக் கூடாது" என்று தினமும் ஜெபமாலை சொல்லியும், கடைசியில் அதே சாயலில் ஒருவனை நல்லவன் என்று நம்பி வருவதை நான் கண்டிருக்கிறேன். பழகிய துன்பம் பழகாத சுகத்தைவிட நெருக்கமாகத் தெரியும் போலும். எல்லாப் பிள்ளைகளும் அப்படி ஆவதில்லை என்பதையும் கண்டிருக்கிறேன். ஆகவே தகப்பன்மாரே, மகளுக்கு எப்படிப்பட்ட மாப்பிள்ளை அமைவான் என்று ஜாதகம் பார்க்கவேண்டாம். அவள் இப்போது தினமும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இனி நான் சொல்லப்போவது, இந்தத் தலைப்புக்கு நான் சம்மதித்ததற்கே காரணமான விஷயம். நம் பெரும்பாலான குடும்பங்களைத் தொடுகிறது.

சொந்தத்தில் திருமணம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் ரத்த உறவில் மணமானவர்கள். இந்தியாவிலேயே இதில் நாம்தான் முதல். நம் மலையின் மூத்த குடிகளான மலையாளி மக்களிடமும் மாமன் மகள், அத்தை மகள் என்ற உரிமை உண்டு. தோட்ட வேலைக்குக் கீழ்நாட்டிலிருந்து ஏறிவந்த குடும்பங்களிடமும் உண்டு. பிறக்கும் குழந்தைகளின் உடல்நலம் பற்றி மருத்துவர்கள் எச்சரிப்பதை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதை இன்று நான் எடுக்கவில்லை. மனசைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நம் முன்னோர் வகுத்த முறையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் அண்ணன் தங்கை, கட்டக் கூடாது. மாமன், அத்தை பிள்ளைகள் முறை, கட்டலாம். ஏன்? அறிஞர்கள் பல காரணம் எழுதியிருக்கிறார்கள். என் சிறு புத்திக்குப் பட்டது ஒன்று. கூட்டுக் குடும்பத்தில் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் வளர்வார்கள். மாமன் வீடோ வேறு ஊரில் இருக்கும். திருவிழாவுக்கும் காதுகுத்துக்கும் பார்ப்போம். முகம் தெரியும், குணம் தெரியும். ஆனால் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் அல்லர். அறிமுகமும் உண்டு, இடைவெளியும் உண்டு. நம் பங்கிலேயே மாமன் மகளைக் கட்டிப் பொன்விழாக் கண்டவர்கள் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

அந்த இடைவெளி இல்லாமற்போனால்? இதைத்தான் நான் தாமதமாகக் கற்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில் ஒரு பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். ஒரு பெண், வயது பத்தொன்பது. கைக்குழந்தையாயிருக்கும்போதே தாயை இழந்தவள். தாய்மாமன் எடுத்து வளர்த்தார். மாமனுக்கு ஒரே மகன், அவளைவிட நான்கு வயது மூத்தவன். இருவரும் ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். முறை இருக்கிறது, வெளியே கொடுப்பானேன் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மாமன் மகன் என்றால் திருச்சபைச் சட்டப்படி ரத்த உறவுத் தடை. ஆயரின் விலக்கு இல்லாமல் திருமணம் செல்லாது. காரணம் காட்டி விண்ணப்பம் எழுதவேண்டும். எழுதியவன் நான்தான். "பெண் தாயற்றவள், ஏழை, வேறிடத்தில் வரன் அமைவது அரிது" என்று எழுதினேன். ஒரு பொய்யும் இல்லை. விலக்கும் வந்தது.

சம்மதம் கேட்பதற்காக அவளைச் சாமி பங்களாவுக்கு வரவழைத்தேன். அத்தையும் கூட வந்தார். அத்தை பக்கத்தில் நிற்க, நான் கேட்டேன்: "உனக்குச் சம்மதமா அம்மா?" அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்க இஷ்டம் சாமி" என்றாள். வெட்கப்படுகிறாள் என்று அத்தை சிரித்தார். நானும் சிரித்தேன். படிவத்தில் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தேன். தடை சொல்ல யாரும் வரவில்லை. யார் வருவார்கள்?

இரண்டு ஆண்டு கழித்து இருவரும் சேர்ந்தே என்னைப் பார்க்க வந்தார்கள். சண்டையில்லை. அவள்தான் பேசினாள். "சாமி, அவரு நல்லவரு. குடிச்சதில்ல, அடிச்சதில்ல. ஆனா அவரு முகத்தப் பாத்தா, சின்ன வயசில எனக்குச் சளி பிடிச்சப்ப மூக்கத் துடைச்சு விட்டவருதான் ஞாபகம் வர்றாரு. எங்களால முடியல சாமி." அவன் தலை நிமிராமல், "எனக்கும் அப்படித்தான்" என்றான். இரண்டு ஆண்டும் அண்ணன் தங்கையாகவே இருந்திருக்கிறார்கள். தாம்பத்தியம் நிகழாத திருமணத்தைக் கலைக்கப் பாப்பரசருக்கு அதிகாரம் உண்டு, எழுதிப் போடலாம் என்று சொன்னேன். "ஊருக்குத் தெரிஞ்சா அத்தை தாங்கமாட்டாங்க" என்று மறுத்துவிட்டார்கள். அவன் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் போனான். கிறிஸ்மசுக்கு வந்து போவான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு வார்த்தையும் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம்.

அதற்குப் பிறகுதான் புத்தகங்களைத் தேடினேன். ஃபின்லாந்து நாட்டு அறிஞர் வெஸ்டர்மார்க் 1891-லேயே எழுதியிருக்கிறார்: சின்னஞ்சிறு வயதிலிருந்து ஒரே வீட்டில் நெருங்கி வளர்ந்தவர்களிடையே, ரத்த உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மோக ஈர்ப்பு எழுவதில்லை என்று. தைவான் நாட்டில் இதற்குச் சாட்சி கிடைத்தது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மகனுக்கு மனைவியாக்குவதற்கென்றே ஒரு பெண்குழந்தையைக் கைக்குழந்தையிலேயே தத்தெடுத்து வளர்ப்பார்கள். செலவு மிச்சம்; மருமகளும் சொன்னபடி கேட்பாள். ஆர்தர் வொல்ஃப் என்ற அமெரிக்க மானிடவியலாளர் பழைய குடும்பப் பதிவேடுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அப்படி வளர்ந்து மணந்தவர்களுக்கு, வளர்ந்தபின் வேறு வீட்டிலிருந்து வந்து மணந்தவர்களைவிடக் குழந்தைகள் குறைவு, மணமுறிவு அதிகம். இஸ்ரேலில் கிப்புத்ஸ் என்ற கூட்டுப் பண்ணைகளில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, ஒரே வயதினரைக் கூட்டமாகச் சேர்த்து அந்தக் காலத்தில் வளர்த்தார்கள். ஷெஃபர் என்பவர் 1971-இல் 2,769 திருமணங்களைக் கணக்கெடுத்தார். ஒரே கூட்டத்தில் வளர்ந்து மணந்தவர்கள் பதினைந்து ஜோடிகூட இல்லை. இத்தனைக்கும் அவர்களை யாரும் தடுக்கவில்லை. பெற்றோர்கள் உண்மையில் விரும்பினார்கள்.

எல்லாருக்கும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. 2009-இல் வேறு இருவர் கிப்புத்ஸில் வளர்ந்தவர்களிடம் மனம்விட்டுப் பேசியபோது, ஈர்ப்பு இருந்ததுண்டு என்று பலர் ஒப்புக்கொண்டார்கள். மனிதன் சூத்திரத்துக்குள் அடங்குவதில்லை. ஆனால் அந்தப் பெண் என்னிடம் சொன்ன மூக்குத் துடைத்த கதையும், தைவான் பதிவேடுகளும் ஒன்றையே சொல்லின. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. வார்த்தை மட்டும் இல்லை. அந்த வார்த்தையைச் சொல்ல நான் அவளுக்கு இடமும் கொடுக்கவில்லை.

திருமணத்தை உண்டாக்குவது எது? தாலி அல்ல, சாமியார் அல்ல, பந்தல் அல்ல. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1057-ஆம் எண், இருவரின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது, அதற்கு ஈடாக வேறெந்த மனித அதிகாரமும் நிற்க முடியாது என்கிறது. அப்பா கொடுக்க முடியாது, அத்தை கொடுக்க முடியாது. பலவந்தத்தாலோ பெரும் அச்சத்தாலோ சொன்ன சம்மதம் செல்லாது என்று 1103-ஆம் எண் சொல்லுகிறது. மிரட்டவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் பிறர் உண்டாக்கிய அச்சமாயிருந்தாலும் அப்படித்தான். அந்த அத்தை மிரட்டியவர் அல்லர். சோறு போட்டு வளர்த்தவர். அந்தச் சோறுதான் அவள் வாயை அடைத்தது.

அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஓலை எழுதுமுன் பெண்ணையும் பையனையும் தனித்தனியாகக் கூப்பிடுவேன். கதவு திறந்திருக்கும், ஆனால் பெரியவர்கள் காது கேட்கும் தூரத்தில் இருக்கக் கூடாது. சம்மதமா என்று கேட்பதில்லை. அதற்கு எல்லாரும் சம்மதம் என்றே சொல்லுவார்கள். "அவர் கோபம் வந்தால் என்ன செய்வார்? உனக்குக் காய்ச்சல் வந்தபோது யார் பார்த்தார்கள்? நீ வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்?" என்று கேட்பேன். காதலித்து வந்தவர்களிடமும் இதே கேள்விகள்தான். வேண்டாம் என்று சொல்ல முடியாதது பெற்றோரிடம் மட்டுமல்ல. "செத்துப்போவேன்" என்று கையைக் கீறிக்கொண்டு காட்டுகிற காதலனிடமும் ஒரு பெண்ணால் வேண்டாம் என்று சொல்ல முடிவதில்லை. ஒருமுறை ஒரு பெண் என் கேள்விக்குப் பதிலே சொல்லாமல் அழுதாள். நான் ஓலையை நிறுத்தி வைத்தேன். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்று அவள் தகப்பனார் பங்களா வாசலில் நின்று சத்தமிட்டார். அதன்பின் அவர் எனக்கு ஸ்தோத்திரம் சொல்வதில்லை. அந்தப் பெண் வருடாவருடம் கிறிஸ்மஸ் அட்டை அனுப்புகிறாள்.

அப்படியானால் காதல் திருமணம் உயர்ந்ததா, பெற்றோர் பார்த்தது உயர்ந்ததா என்று கேட்பீர்கள். பட்டிமன்றத்துக்கு ஏற்ற தலைப்பு, நமக்குத் தேவையில்லை. 2011-12-இல் எடுத்த ஓர் அகில இந்திய ஆய்வில், தாமே தனித்து முடிவெடுத்து மணந்த பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர்தான் என்று கண்டார்கள். 1982-இல் ஜெய்ப்பூரில் 50 தம்பதிகளைக் கொண்டு நடந்த ஆய்வொன்றைப் பெற்றோர்கள் மிகவும் விரும்பிச் சொல்வார்கள். காதலித்து மணந்தவர்களின் அன்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்து காணப்பட்டது. பெற்றோர் பார்த்து மணந்தவர்களுடையது வளர்ந்து காணப்பட்டது. ஆனால் ஐம்பது தம்பதிகள் என்பது நம் பங்கில் ஓர் அன்பியத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. 2012-இல் அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் கேட்டபோது இரு வகையினருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு 43 பழைய ஆய்வுகளைச் சேர்த்து, 11,196 தம்பதிகளின் விவரங்களைக் கணிப்பொறியில் இட்டுப் பார்த்தது. கணவன் எப்படிப்பட்டவன், மனைவி எப்படிப்பட்டவள் என்ற விவரங்களைவிட, தன்னை அவர் மதிக்கிறார், தன்னை விட்டுப் போகமாட்டார் என்று ஒருவர் உணர்கிறாரா என்பதே அவர்களுடைய நிறைவை அதிகம் காட்டியது. நம் பட்டியலில் இருக்கிற நிறமும் உயரமும் அந்தக் கணிப்பொறிக்குப் பெரிதாக உதவவில்லை.

இறுதியாக ஓர் அறிவிப்பு. யூபிலித் தேர் முடிந்த அடுத்த ஞாயிறு முதல், இரண்டாம் பூசைக்குப் பின் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை நான் பங்களாவின் முன்னறையில் இருப்பேன். இந்த ஆண்டு திருமணம் பேசியிருக்கிறவர்கள், பேசப்போகிறவர்கள், பேசிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் யாரும் வரலாம். பையன் தனியாக, பெண் தனியாக. சொந்தத்தில் முடிக்கிறவர்கள் விலக்கு விண்ணப்பத்துக்கு முன்பே வரவேண்டும். பத்திரிகை அடித்த பிறகு வரவேண்டாம். கூட வருகிற அத்தைமார்களும் மாமன்மார்களும் மாமரத்தடியில் உட்கார்ந்திருக்கலாம். உபதேசியார் காப்பி கொண்டுவந்து கொடுப்பார். நம் மலைக் காப்பிதான். சர்க்கரை மட்டும் ரேஷன் கடையது.